பதினாலாம் மலையின் குரோட்டன் வரிசை

யட்டியாந்தோட்டையிலிருந்து மலைப்பக்கம் ஏறும் பேருந்துகள் சற்றே நின்று இளைப்பாறும் ஒரு கடைத்தெரு உண்டு. அங்கே பேருந்துத் தரிப்பிடத்துக்கு எதிரிலுள்ள கட்டடத்தின் கீழ்த்தளத்தில் கூட்டுறவுக் கடையும் மேல்தளத்தில் பிரதேச சபையின் கிளை நூலகமும் இயங்குகின்றன. மழை வலுத்தால் தரிப்பிடத்தில் நிற்பவர்கள் மாடிக்கு ஏறிவிடுவார்கள். நூலகர் மெரினா இராயப்பன் அவர்களை ஒருநாளும் விரட்டியதில்லை. கூடைகளைச் சுவரோரம் வைக்கச் சொல்வார். ஈரக் குடைகளுக்கென்று ஒரு பழைய வாளியைக் கதவருகே வைத்திருந்தார். ஒதுங்க வந்தவர்கள் புத்தகத்தைத் தொடாமல் போனாலும் வடக்குச் சுவரைப் பார்க்காமல் போவதில்லை. அங்கே ஒரு கட்டில் விரிப்பின் அளவில் தடித்த வெள்ளைத் துணி தொங்கிற்று. மெரினா தம் கையால் நூல்கொண்டு தைத்த அந்தத் துணியில், அவர் பிறந்த தோட்டம் மலை மலையாக விரிந்து கிடந்தது.

அந்தத் தோட்டத்துக்குக் கம்பெனியின் பலகையில் ஓர் ஆங்கிலப் பெயர். அடிவாரத்துச் சிங்களக் கிராமத்தார் அதை வேறொரு பெயரால் அழைத்தார்கள். இறப்பர் மரத்தில் பால் வெட்டிய தமிழ்ச் சனங்களுக்கு அது மூங்கில்பாலம். அங்கே பால்வெட்டுத் தொழிலாளியான இராயப்பனுக்கு மூத்த மகளாக மெரினா பிறந்தார். கேகாலையில் உறவினர் வீட்டில் தங்கிச் சிங்கள மொழியிலும் தேறியவர் என்பதால், நூலகத்தில் உதவியாளர் வேலை கிடைத்தது. பின்பு நூலகர் தேர்வும் எழுதி, அந்த மாடியிலேயே தலைநரைக்கும்வரை நிலைத்துவிட்டார். திருமணம் செய்துகொள்ளவில்லை. அதற்கு ஒரு கதை இருக்குமென்று பலர் எதிர்பார்த்தார்கள். கதை எதுவும் இல்லை. கேட்டு வந்த இடங்கள் அவருக்குப் பிடிக்கவில்லை, அவ்வளவே.

வேலைக்குச் சேர்ந்த புதிதில், ‘உள்ளூர் வரலாறு’ என்று எழுதிய அலுமாரி ஒன்றைத் துடைக்கும் பொறுப்பு அவருக்கு வந்தது. பழைய அரசர்களையும் விகாரைகளையும் கோட்டைகளையும் பற்றிய நூல்கள் அதில் நிறைந்திருந்தன. அவற்றின் மீது அவருக்கு மனக்கசப்பு உண்டாகவில்லை. அவையும் இந்த மண்ணின் செய்திகளே என்று பக்தியோடு துடைத்தார். ஆயினும் நூறாண்டுகளுக்கு மேலாக இதே மலைகளில் உழைத்த தம்மவரைப் பற்றி ஒரு வரிகூட அங்கில்லை என்பது நெஞ்சில் தைத்தது. அடித்தட்டைக் காலிசெய்து, ‘தோட்டங்கள்’ என்று இரு மொழிகளிலும் எழுதி ஒட்டினார். ஓராண்டுக்கும் மேலாக அந்தத் தட்டு வெறுமையாகவே கிடந்தது. துடைப்பதற்கு மிகவும் சுகமான தட்டு அதுதான் என்று உடன் வேலைசெய்த சிங்களப் பெண் கேலிசெய்வாள்.

பிறகு அது மெல்ல நிறைந்தது. மாரியம்மன் திருவிழா நோட்டீசுகள், அந்தோனியார் கோயில் கொடியேற்ற அழைப்புகள், கலியாணப் பத்திரிகைகள், காமன் கூத்துப் பாட்டுப் பதிந்த ஒலிநாடாக்கள் எல்லாம் வந்து சேர்ந்தன. அந்த நாட்டு மழைக்குக் காகிதம் பூஞ்சணம் பிடித்துப்போகும். ஒரு மாரியில் பாதி நோட்டீசுகள் பச்சையடித்துப் பாழாயின. அதன் பின்னரே, மிகவும் அருமையானதைத் துணியில் தைத்து வைப்பதென்று அவர் முடிவுசெய்தார். அவருக்கு மிகவும் அருமையானவை மலைகளின் பெயர்கள்.

கம்பெனிக்கு மலைகள் வெறும் எண்கள். சனங்களிடமோ ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர் இருந்தது. பகல் உணவுக்கு எல்லோரும் கூடும் மலை சோத்துப்பாறை. வெள்ளைக்காரத் துரை ஒருவன் குதிரையிலிருந்து உருண்ட மலைக்குப் பெயர் ‘தொர விழுந்தான்’. ஏற ஏறத் தீராத செங்குத்து மலை ஒன்றுக்கு மாமியா மலை என்று பெயர். மெரினா ஞாயிறுதோறும், தொழிலாளர் குடியிருக்கும் வரிசை வீடுகளான லயங்களுக்குப் போய் விசாரித்துப் பெயர்களைத் துணியில் ஏற்றினார். ஒவ்வொரு பெயருக்கும் கீழே, அதைச் சொன்னவரின் பெயரையும் சிறு எழுத்தில் தைத்தார். சொன்னவர் யாரென்று தெரியாத செய்தி அநாதைப் பிள்ளை போன்றது என்பது அவர் கொள்கை.

துணி சுவரேறிய பின்பு, புத்தகமே திறந்தறியாத ஆண்கள்கூட நூலகத்துக்கு வரத் தலைப்பட்டார்கள். தங்கள் மலை சரியாக இருக்கிறதா என்று பார்ப்பதே நோக்கம். தோட்டத்துத் தலைவர் கன்னையா முதல்நாளே வழக்குத் தொடுத்தார்.

“மாமியா மலைக்குக் கீழ எம் பேரப் போட்டிருக்கீங்களே மிஸ். எங்க மாமியா உசிரோட இருக்கு. பாத்துச்சுன்னா எனக்குச் சோறு கெடைக்குமா?”

“நீங்கதானே சொன்னீங்க தலைவரே.”

“சொன்னேன். ஊசியில குத்துவீங்கன்னு ஆரு கண்டா?”

பெயரில்லாத மலை ஒன்றே ஒன்று: பதினாலு. எந்த ஆணைக் கேட்டாலும், “அது பதினாலுதாங்க, வேற பேரு இல்ல” என்பதே பதில். பதினாலுக்கும் பதினைந்துக்கும் நடுவே குரோட்டன் செடிகள் ஒரு வரிசையாக நின்றன. தோட்டங்களில் எல்லை காட்டக் குரோட்டன் நடுவது வழக்கம். இதுவும் எல்லைச் செடிதான் என்று கன்னையா உறுதியாகச் சொன்னார். மற்ற ஆண்களும் ஆமோதித்தார்கள். பெண்களைக் கேட்டபோது அவர்கள் தலையசைத்துவிட்டு வேறு பேச்சுக்குப் போனார்கள். மெரினா சிவப்பு நூலில் ஒரு நேர்கோடு தைத்து, ‘எல்லை’ என்றும் அதன்கீழ் ‘கன்னையா’ என்றும் எழுதினார். எல்லைச் செடியானால் ஒரே தாய்ச்செடியிலிருந்து ஒடித்து, சம இடைவெளியில் நட்டிருப்பார்கள். இந்த வரிசையிலோ ஒன்று மஞ்சளாகவும் ஒன்று புள்ளியிட்டும் ஒன்று கருஞ்சிவப்பாகவும், இரண்டு நெருங்கியும் ஒன்று விலகியும் நின்றன. அதை அவர் பார்த்தார், பார்த்தும் ஐயுறவில்லை.

பல்லாண்டுகள் கழித்துத் தோட்டத்துக்கு வீட்டுத்திட்டம் வந்தது. லயத்து மக்களுக்குக் குடும்பத்துக்கு ஏழு பேர்ச் காணியும் அதில் ஒரு வீடும் என்று அறிவித்தார்கள். முதிர்ந்த மரங்களை வெட்டித் தரிசாகக் கிடந்த பதினாலாம் மலையைக் கம்பெனி விட்டுக்கொடுத்தது. கேகாலையிலிருந்து றிஸாத் என்ற இளம் தொழில்நுட்ப அதிகாரி வந்தார். கம்பெனியின் வரைபடம் வந்துசேரத் தாமதமாகவே, யாரோ சொல்லக் கேட்டு நூலகத்துக்கு ஏறினார். துணியைக் கண்டு வியந்து, “இப்படி ஒரு வேலையை எங்கட டிப்பார்ட்மென்ட்ல கூட ஒருத்தரும் செய்யல்ல, மிஸ்” என்று சொல்லி, கைபேசியில் படமெடுத்துக்கொண்டார். சிவப்புக் கோடு எல்லையென்றால், அதன் வழியே மண்வெட்டும் பெக்கோ இயந்திரத்தைவிட்டுப் பாதை வெட்டிவிடலாம். வீடுகளுக்குரிய நிலம் சிறிதும் வீணாகாது. அன்று மாலை வாயிற்கதவைப் பூட்டும்போது மெரினா தமக்குள் ஒரு பாட்டை முணுமுணுத்ததாக, உடன் பணிபுரிந்தவள் பின்னாளில் சொன்னாள். தாம் தைத்த துணி தம் சனத்துக்கு வீடாகப் போகிறது என்ற மகிழ்ச்சி.

காணித் துண்டுகளுக்குச் சீட்டுக் குலுக்கினார்கள். பாதையை ஒட்டிய முதல் துண்டு மெரினாவின் தம்பி ரொபர்ட்டுக்கு விழுந்தது. அவனைவிட அதற்குத் தேவையுடையவர் அந்தத் தோட்டத்தில் இல்லை. அவன் குடியிருந்த லயக் காம்பிராவின் பின்னே ஒரு மண்மேடு இருந்தது. மாரிதோறும் அது சற்றே இறங்கிப் பின்சுவரில் சாய்ந்தது. சுவர் உள்நோக்கிப் புடைத்திருந்தது. மழை இரவுகளில் ரொபர்ட்டும் அவன் மனைவி ரோஷானியும் மகளை நடுவில் விட்டு, கதவுப்பக்கம் தலைவைத்துப் படுத்தார்கள்.

பாதை வெட்டும் வேலை தொடங்கவிருந்த வாரத்தில் ஒரு மழைநாள். ஆஸ்பத்திரி கிளினிக்குக்கு வந்து திரும்பிய மூக்காயி பேருந்துக்குக் காத்திருந்தவள், நனைந்தபடி மாடிக்கு ஏறினாள். பென்சன் வாங்கிய பால்வெட்டுக்காரி. இராயப்பனின் பக்கத்துக் காம்பிராக்காரி. மெரினாவைத் தூக்கி வளர்த்தவள். நூலகத்துக்கு அதுவரை வந்ததில்லை. துணியருகே போய், எழுத்தறியாதவளாதலால் மலைகளின் வளைவைக்கொண்டே ஒவ்வொன்றாக அடையாளம் கண்டு சிரித்தாள். சிவப்புக் கோட்டுக்கு வந்ததும் விரல் நின்றது.

“இது என்னா புள்ள?”

எல்லைச் செடி என்றார் மெரினா.

“ஆரு சொன்னது?”

“கன்னையாத் தலைவர்.”

“ஆம்பளைக்கு என்னா தெரியும்.” மூக்காயி சுற்றிலும் பார்த்தாள். அவர்களைத் தவிர அங்கே யாருமில்லை. “அது எல்ல இல்ல. அது நாங்க வச்சது.”

பிறகு அவள் சொன்னது இது. அந்தத் தோட்டத்தில் பிறந்த உடனே இறந்துபோகும் சிசுக்களை மயானத்துக்குக் கொண்டுபோவதில்லை. இந்துக்கள் பிள்ளைக்குப் பேர் வைக்கவில்லை என்பார்கள். கத்தோலிக்கர் ஞானஸ்நானம் ஆகவில்லை என்பார்கள். வீட்டு ஆண் ஒருவர் துணியில் பொதிந்துபோய்ப் பதினாலாம் மலையின் ஓரத்தில் புதைத்துவிட்டு வருவார். தாய் அங்கே போகக்கூடாது. எங்கே புதைத்தார்கள் என்று கேட்கவும் கூடாது. கேட்டால் அடுத்த பிள்ளை தங்காது என்பது நம்பிக்கை. ஆனால் மலையில் வேலைக்குப் போகும் தாய்க்குப் புதுமண் தெரியாதா? அவள் தன் லயத்து வாசல் குரோட்டனில் ஒரு கிளை ஒடித்து, மடியில் மறைத்துப்போய், புல்வெட்டும் சாக்கில் அந்த மண்ணில் ஊன்றிவிட்டு வந்துவிடுவாள். குரோட்டன் நீரூற்றாமலே பிழைக்கும். ஆண்டுக்கணக்கில் அப்படி ஊன்றியவை சேர்ந்து ஒரு வரிசையாயின. புதைத்த ஆண்கள் இடத்தை மறந்தார்கள். செடியைப் பார்த்தவர்கள், கம்பெனி நட்ட எல்லை என்று எண்ணிக்கொண்டார்கள்.

தம்மிடம் இத்தனை ஆண்டுகளாக ஏன் ஒருவரும் சொல்லவில்லை என்று மெரினா கேட்டார்.

“கல்யாணமாகாத புள்ளகிட்ட இதெல்லாம் பேச மாட்டோம்டி. இப்ப மிசின் வருதுன்னாங்க. அதான் சொல்றேன்.” மூக்காயி குடையை எடுத்தாள். “நாங்க சொன்னம்னு மட்டும் வெளிய வரக்கூடாது. பொம்பளைங்க வாயத் தொறந்தாங்கன்னு ஆகிப்போகும். பேரன் பேத்தி இருக்கு. அந்தத் துணி தப்புன்னு நீ சொல்லிப்புடு.”

“துணி தப்புன்னா வீடு நின்னு போகுமே பெரியம்மா.”

“எனக்கும் அங்கதான் வீட்டுச் சீட்டு விழுந்திருக்கு” என்றாள் மூக்காயி. பேருந்து ஒலியெழுப்பவே இறங்கிப் போய்விட்டாள்.

மறுநாள் மெரினா துணியைச் சுவரிலிருந்து இறக்கி, மேசைமேல் விரித்து, சிவப்பு நூலைப் பிரித்தார். நூல் போன பின்னும் ஊசி சென்ற துளைகள் வரிசையாக நின்றன. பின்பு கேகாலைக்குப் போய் றிஸாத்திடம் படம் பிழையென்று சொன்னார். அவர் நல்ல மனத்தோடு கேட்டு, உள்ள நிலையை விளக்கினார். பாதையைப் பதினைந்தாம் மலைப்பக்கம் தள்ள முடியாது. அங்கே பால் தரும் மரங்கள் நிற்கின்றன, கம்பெனி விடாது. வீட்டுப் பக்கமாகத் தள்ளலாம்; ஆனால் முதல் துண்டு முழுவதும் பாதைக்குப் போய்விடும். அந்தத் துண்டுக்குரியவர் தாமாக விட்டுக்கொடுத்தால் களத்திலேயே மாற்றிவிடலாம். அவர் வீட்டுத்திட்டத்தின் இரண்டாம் கட்டம் வரும்வரை காத்திருக்க வேண்டும். அவர் மறுத்தால் மேலிடத்துக்கு எழுத வேண்டும். எழுதினால் ஆண்டு முடிந்து திட்டத்துக்கான பணமே திரும்பிப் போகலாம். இரண்டாம் கட்டம் எப்போதென்று றிஸாத்துக்கும் தெரியவில்லை.

செய்தி மெரினாவுக்கு முன்னே தோட்டத்துக்குப் போய்ச் சேர்ந்தது. அன்று மாலையே ரொபர்ட் நூலகத்துக்கு வந்தான். வாசலிலேயே நின்றான்.

“ஊரு வரலாறெல்லாம் தைக்கிறியே அக்கா. தம்பி வீட்டுச் செவுரு எந்தப் பக்கம் சாயுதுன்னு ஒனக்குத் தெரியாதா?”

அந்த வரிசை எல்லையன்று, பிள்ளைகளைப் புதைத்த இடம் என்றார் மெரினா.

“ஆரு சொன்னது?”

மெரினா மேசைமேல் விரித்திருந்த துணியை மடிக்கத் தொடங்கினார்.

“ஒவ்வொண்ணுக்கும் ஆள் பேரு போடுவ. எனக்கு மட்டும் பேரு சொல்ல மாட்ட. என்னா வரலாறோ.” அவன் படியிறங்கிப் போனான்.

அவனுக்கு ஒரு பெயரைச் சொல்லியிருக்க மெரினாவால் முடியும். ரொபர்ட் கொழும்பில் கடையொன்றில் வேலைசெய்த காலத்தில் ரோஷானிக்கு முதற் குழந்தை பிறந்து, அன்றே போய்விட்டது. அவன் பேருந்து பிடித்து வந்துசேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. தந்தை இராயப்பன் பிள்ளையை எடுத்துப் போயிருந்தார். எங்கே என்று அவன் கேட்கவில்லை. அவரும் சொல்லாமலே காலமானார். மூக்காயி பேசிய அன்றே மெரினாவுக்கு இது நினைவில் எழுந்தது. ரோஷானியின் வாசலில் பொன்புள்ளிக் குரோட்டன் ஒன்று நின்றதும் நினைவுக்கு வந்தது. ஆயினும் அது ரோஷானி மட்டுமே சொல்லத்தக்கது. தம்பியின் உறவைக் காப்பாற்றும் பொருட்டு இன்னொருத்தியின் மௌனத்தை எடுத்துச் செலவழிக்க அவர் மனம் ஒப்பவில்லை. சொன்னால் தம்பி தம்மைப் புரிந்துகொள்வான். சொல்லாவிட்டால் தம்பியையும் இழக்கக்கூடும். இவ்விரண்டுக்கும் நடுவே அவர் அந்த வாரத்தைக் கழித்தார்.

காலையில் வேலைக்குப் பெயர் கொடுக்கும் பெரட்டுக் களத்தில் கூட்டம் கூடிற்று. ஆண்கள் முன்னாலும் பெண்கள் கொட்டகைத் தூண்களை ஒட்டியும் நின்றார்கள். றிஸாத் வந்திருந்தார். மெரினா எழுந்து, தாம் தைத்த எல்லைக்கோடு பிழையானது, அது தம் பிழையே, அங்கே சிசுக்கள் புதைக்கப்பட்டிருக்கின்றன என்று மட்டும் சொன்னார். களம் இரைந்தது. வீடு வரும் நேரத்தில் பேய்க்கதை கட்டுகிறாள் என்றான் ஒருவன். கம்பெனிதான் சொல்லிக்கொடுத்திருக்கும் என்றான் இன்னொருவன். கன்னையா கையமர்த்தினார்.

“எல்லன்னு எம் பேரப் போட்டீங்க மிஸ். சரி, நான் சொன்னது தப்பாவே இருக்கட்டும். இத ஆரு சொன்னது? அதுக்குக் கீழ ஆர் பேரப் போடுவீங்க?”

“எம் பேரப் போட்டுக்கிறேன்” என்றார் மெரினா.

சிரிப்பு எழுந்தது. இருபதாண்டுக்கு மேலாகத் தோட்டமெங்கும் அலைந்து ஒவ்வொரு சொல்லுக்கும் உரியவரைத் தேடியவர், தம் வாயாலேயே அநாதைச் செய்தி ஒன்றைச் சபையில் வைத்துவிட்டு அந்தச் சிரிப்புக்கு நடுவே நின்றார். தூண்களை ஒட்டி நின்ற பெண்கள் நிலத்தைப் பார்த்தார்கள். அவர்களுள் மூக்காயியும் இருந்தாள்.

முதல் துண்டுக்குரியவர் என்ன சொல்கிறார் என்று றிஸாத் கேட்டார்.

“நான் எதுக்குங்க சேர் குடுக்கணும்?” என்றான் ரொபர்ட். “ஆரு சொன்னதுன்னே தெரியாத கதைக்கு, எம் புள்ளைய இடியப்போற செவுத்துக்குக் கீழ படுக்க வைக்கவா?”

அப்போது தூணருகிலிருந்து ரோஷானியின் குரல் வந்தது.

“குடுத்துருங்க.”

ரொபர்ட் திரும்பிப் பார்த்தான். “ஒனக்கு என்னா தெரியும்? பேசாம இரு.”

“எனக்குத் தெரியும். குடுத்துருங்க.”

அவள் அவனைப் பார்க்கவில்லை. களத்துக்கு எதிரே, தரிசு மலையின் ஓரத்தில், பல நிறமாய் நின்ற அந்தச் செடிகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ரொபர்ட் அவள் பார்வை போன வழியே பார்த்தான். வெகுநேரம் பார்த்தான். பின்பு முகத்தை ஒருமுறை துடைத்துக்கொண்டு அதிகாரியிடம் நடந்தான்.

“தள்ளி வெட்டச் சொல்லுங்க சேர். நான் பொறவு எடுத்துக்கிறேன்.”

கன்னையா ஏதோ கேட்க வாயெடுத்தார். தூண்களை ஒட்டி நின்ற பெண்கள் ஒருவரையடுத்து ஒருவராகத் தலை நிமிர்ந்து அவரைப் பார்க்கவே, கேளாமல் விட்டுவிட்டார்.

பாதை உட்புறமாக வளைந்து போயிற்று. வீடுகள் எழுந்தன, மூக்காயியின் குடும்பமும் குடிபுகுந்தது. இரண்டாம் கட்டம் இதை எழுதும் நாள்வரை வரவில்லை. அடுத்த மாரியில் மண்மேடு இறங்கி, ரொபர்ட்டின் பின்சுவர் விழுந்தது. பகலில் விழுந்ததால் உயிர்களைக் கடவுள் காத்தார். அவர்கள் பானை சட்டியோடு கடைத்தெருவுக்கு வந்து, மெரினாவின் இரண்டறை வாடகை வீட்டில் ஒண்டினார்கள். ரோஷானி இயல்பாகப் பழகினாள். ரொபர்ட் அக்காவிடம் சோறு கேட்பான், குடை கேட்பான்; அதற்குமேல் பேசமாட்டான். அவனைக் குறைசொல்ல மெரினாவுக்கு வாய் வரவில்லை.

துணி மீண்டும் சுவரேறியது. கோடு இருந்த இடத்தில் துளைகள் மட்டும் தெரிந்தன. ஒரு மழைநாளில் ஒதுங்க வந்த தோட்டத்துப் பெண் ஒருத்தி, ஊசி நூல் இருக்கிறதா என்று கேட்டாள். மெரினா நூல்பெட்டியை மேசைமேல் வைத்துவிட்டு, புத்தகம் அடுக்கும் பாவனையில் அலுமாரிக்குப் பின்னே போய்விட்டார். அவர் திரும்பியபோது துளைகளின்மேல் மஞ்சள் நிறத்தில் ஓரிலை இருந்தது. பிறகு மழைக்கு மழை இலைகள் தளிர்த்தன: கருஞ்சிவப்பு, பச்சை, புள்ளியிட்டது, வரியிட்டது. பெட்டியை வைப்பதும் அப்பால் போவதும் அவருக்கு வழக்கமாயின. எந்த இலை யாருடையதென்று அவர் ஒருகாலும் எட்டிப் பார்த்ததில்லை. மற்ற மலைகள் எல்லாவற்றின் கீழும் சொன்னவர் பெயர் இருக்கிறது. பதினாலாம் மலையின் கீழே இலைகள் மட்டுமே இருக்கின்றன. புதிதாக வருபவர்கள் அழகுக்குத் தைத்தது என்று எண்ணிக்கொள்கிறார்கள்.

சென்ற ஐப்பசியில், மழை சற்று ஓய்ந்த ஒரு மாலை, ரொபர்ட் மாடிக்கு ஏறி வந்தான். முன்பு வாசலிலேயே நின்றவன் இம்முறை செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து துணியின் முன்னே நின்றான். இலைகளை ஒவ்வொன்றாகப் பார்த்தான். விரலால் தொடப்போய், கையை வேட்டியில் துடைத்துக்கொண்டான்.

“அக்கா, இதுல நம்மது எது?”

மெரினா மேசையிலிருந்து எழுந்துவந்து அவனருகே நின்றார். வாழ்நாளெல்லாம் பிறரைக் கேட்டுக் கேட்டு அறிந்தவர்.

“எனக்குத் தெரியாதுடா. நான் கேக்கல. ரோஷானிகிட்ட கேளு.”

அவன் சன்னல் வழியே எட்டிப் பார்த்தான். கீழே, தரிப்பிடத்துக் கூரையின் அடியில், ரோஷானி மகளோடு அவனுக்காகக் காத்து நின்றாள். அவன் படிக்கட்டின் உச்சியிலிருந்து அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டான்.